ஆயர் முத்திரையில் உள்ள புனிதரை வைத்து ஊரைச் சொல்ல முடியுமா? (பைசாந்திய ஈய முத்திரைகள்)

ஏட்டுச்சுருள்

இங்கே பதிவேறும் பைசாந்திய (கொன்ஸ்தாந்திநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு உரோமைப் பேரரசின்) ஆயர் முத்திரைகளுக்குக் கீழே ஒரே மாதிரிப் பதில்கள் வருகின்றன. இவை கடிதங்களில் கட்டிய ஈய வில்லைகள்; முன்பக்கம் பெரும்பாலும் புனிதர் படம், பின்பக்கம் கிரேக்கத்தில் ஆயரின் பெயர், பதவி, ஊர். தெமெத்ரியு இருக்கிறார், அப்படியானால் தெசலோனிக்கா. நிக்கோலாஸ் இருக்கிறார், அப்படியானால் மீரா. இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத் தனி இழையாகப் பேசிவிடலாம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்கிறேன். படம் ஆயரின் விருப்பம், ஊர் எழுத்தில் இருக்கிறது. பின்பக்க வரிகளைப் படித்து முடிக்காமல் படத்தைக் காட்டி ஊரைச் சொல்லக் கூடாது.

ஊர்ப் புனிதரைப் பொறித்த ஆயர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. தெசலோனிக்காவுக்குத் தெமெத்ரியு, எபேசுக்கு யோவான், பத்ராசுக்கு அந்திரேயா, கிரீட்டுக்குத் தீத்து, யூக்கைத்தாவுக்குத் தெயோதோர். ஆனால் ஆயர்களின் முத்திரைகளை மொத்தமாகப் பார்த்தால் முதலிடம் அன்னை மரியாவுக்குத்தான். மற்ற எல்லாப் புனிதர்களும் அவருக்குப் பின்னால்தான் வருகிறார்கள். எந்த ஊர் ஆயரும் மரியாவைப் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொண்டார்கள். மரியாவுக்கு அடுத்தபடி திருச்சபையினரிடம் பெரிய செல்வாக்கு நிக்கோலாசுக்கு. அவர் மீராவின் ஆயர் என்பது உண்மைதான். ஆனாலும் அவர் படம் இருக்கும் முத்திரைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கும் மீராவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஆயர் தன் பெயர்கொண்ட புனிதரைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். முன்பு குருவாக இருந்த கோவிலின் புனிதரைத் தொடர்ந்திருக்கலாம். தலைநகரின் பேராலயமான ஹாகியா சோபியாவில் பதவி வகித்துவிட்டு வெளியூர் ஆயராகப் போனவர் மரியாவைக் கூடவே கொண்டுபோயிருக்கலாம். இத்தனை வழி இருக்கும்போது படத்திலிருந்து ஊருக்குத் தாவுவது சரியா?

வரிவடிவம்

பாதி ஒத்துக்கொள்கிறேன். எழுத்து முதலில், படம் பிறகு என்ற வரிசை சரி. ஆனால் படத்துக்குச் சாட்சி மதிப்பே இல்லை என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள், அது அதிகப்படி.

படம் கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. பைசாந்தியத்தில் ஒரே பெயரில் பல ஆயர் நகரங்கள். லவோதிக்கேயா பிரிகியாவில் ஒன்று, பிசிதியாப் பக்கம் ஒன்று, சிரியாவில் ஒன்று. நிக்கோபோலிஸ் எப்பிரசிலும் உண்டு, அர்மீனியப் பக்கமும் உண்டு. ஹியராபோலிஸும் அப்படியே. பின்பக்கத்தில் ஊர்ப்பெயர் முழுதாக, தெளிவாக இருந்தாலும் எந்த ஊர் என்று எழுத்து மட்டும் சொல்லாது. ஹியராபோலிஸ் என்று படித்துவிட்டீர்கள், முன்பக்கத்தில் அப்போஸ்தலர் பிலிப்பு இருக்கிறார் என்றால் பிரிகியா பக்கம் தராசு சாயும். அவருடைய கல்லறைக் கோவில் அங்கேதான் இருந்தது. ஆயரின் பெயரும் பிலிப்பு என்றால் அந்தச் சான்று வலுவிழந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மரியாவிலும் ஊர் தெரிவதுண்டு. ஏதென்சின் பார்த்தினான் நடுக்காலத்தில் மரியாவின் பேராலயமாக இருந்தது. அந்நகரப் பேராயர்களின் முத்திரைகளில் மரியாவுக்குப் பக்கத்தில் "அதினயோத்திசா", அதாவது ஏதென்சுக்காரி என்ற அடைமொழி வருகிறது. படத்தோடு அடைமொழியையும் சேர்த்துப் படித்தால் அங்கே ஊர் இருக்கிறது.

ஏட்டுச்சுருள்

அடைமொழி எழுத்துதானே, ஐயா! அது என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. ஒரே பெயர் கொண்ட ஊர்களைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். எழுத்து இரண்டு மூன்று ஊர்களுக்குள் கொண்டுவந்து நிறுத்திய பிறகு படத்தைக் கேட்கலாம்.

அடைமொழி பற்றி ஒரு எச்சரிக்கை. "விளக்கெர்னீத்திசா" என்று எழுதியிருந்தால் கைகளை விரித்து வேண்டும் மரியாதான் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சொல் தலைநகரின் விளக்கெர்னே கோவிலைக் குறிக்கிறது, அவ்வளவுதான். அதே பெயர் வெவ்வேறு தோற்றங்களுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. ஒரே தோற்றம் வெவ்வேறு பெயர்களோடும் வந்திருக்கிறது. விவரக் குறிப்பு எழுதும்போது கண்ணால் காண்பதை எழுதுங்கள்: கைகளை விரித்த மரியா, மார்பில் கிறிஸ்துவின் வட்டப் படம், அல்லது இடக்கையில் குழந்தை. அடைமொழி பொறிக்கப்படாதபோது நாமாக ஒன்றைச் சூட்ட வேண்டாம்.

உலைக்களம்

இரண்டு பேரும் எழுத்து முதலில் என்கிறீர்கள். அந்த எழுத்து ஏன் கிடைப்பதில்லை என்பது முத்திரை செய்த முறையிலேயே இருக்கிறது.

முதலில் வெற்று வில்லை. கல்லில் குடைந்த இரட்டை அச்சில் ஈயத்தை ஊற்றுவார்கள். ஈயம் 327 பாகையில் உருகிவிடும், பெரிய உலை தேவையில்லை. வில்லையின் நடுவே விட்டம் நெடுக ஒரு துளை இருக்கும்படி வார்ப்பார்கள். ஆவணத்தைக் கட்டிய நூல் அந்தத் துளை வழியே போகும். பிறகு வில்லையைப் பூல்லோத்தீரியோன் என்ற இரும்பு இடுக்கிக்குள் வைத்து மேலே சுத்தியால் ஓங்கி அடிப்பார்கள். இடுக்கியின் இரண்டு வாய்களிலும் எதிர்ப்புறமாக வெட்டிய பொறிப்பு இருக்கும். ஒரே அடியில் இரண்டு பக்கமும் பதியும், துளை நசுங்கி நூலை இறுகப் பிடித்துக்கொள்ளும். நூலை அறுக்காமல் கடிதத்தைத் திறக்க முடியாது.

இதில் மூன்று இடங்களில் பிசகும். வில்லை பொறிப்பை விடச் சிறியதாக இருந்தால் ஓரம் பதியாது. ஓரத்தில்தான் கடைசி வரி இருக்கிறது, கடைசி வரியில்தான் ஊர். வில்லை நடுவில் உட்காராமல் ஒருபக்கம் தள்ளியிருந்தால் வரிகளின் முதல் எழுத்துகளோ கடைசி எழுத்துகளோ போய்விடும். மூன்றாவது துளை. துளைக்கு மேலே ஈயம் மெலிந்திருப்பதால் அந்தக் கோட்டில் பதிவு அமுங்கியும் வெடித்தும் இருக்கும். மண்ணுக்குள் பல நூற்றாண்டு கிடந்தபின் சரியாக அந்தக் கோட்டிலேயே இரண்டாக உடையும். பாதி முத்திரைகள் இத்தனை கிடைப்பதற்கு அதுவே காரணம்.

இன்னொன்று. நாணயத்தில் மேல் அச்சும் கீழ் அச்சும் தனித்தனி, தேய்ந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவார்கள். இடுக்கியில் இரண்டும் இணைந்தே இருக்கும். ஆகவே ஒரே இடுக்கியில் அடித்த இன்னொரு முத்திரை எங்காவது வெளியாகியிருந்தால் உங்களிடம் இல்லாத கடைசி வரியை அதிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம். முன்பக்கம் ஒத்துப்போய்ப் பின்பக்கம் ஒத்துப்போகாவிட்டால் அது வேறு இடுக்கி, நிரப்பக் கூடாது. அமெரிக்காவின் டம்பார்ட்டன் ஓக்ஸ் தொகுப்பில் ஏறக்குறைய 17,000 முத்திரைகள் உள்ளன, உலகிலேயே பெரிய தொகுப்பு அதுதான். பெரும்பகுதியை இணையத்திலேயே பார்க்கலாம். இணை தேடுவதை அங்கே தொடங்குங்கள்.

தோள்துகில்

புனிதரின் பெயர் பக்கவாட்டில் செங்குத்தாக எழுதப்பட்டிருக்கும் என்று தெரியும். அது தேய்ந்துபோயிருந்தால் முகத்தை வைத்துச் சொல்ல முடியுமா? ஆயர் உடையில் இருக்கும் புனிதர்கள் எல்லோரும் 25 மில்லிமீட்டர் ஈயத்தில் ஒரே மாதிரித் தெரிகிறார்கள்.

ஏட்டுச்சுருள்

ஆயர் உடை என்றால் சிலுவைக் குறியிட்ட நீண்ட தோள்துகில், இடக்கையில் நற்செய்தி நூல், வலக்கை ஆசியில். இது நிக்கோலாஸ், பசிலியார், பொன்வாய் யோவான், நசியான் கிரகோரியார் எல்லோருக்கும் பொது, இதைப் பார்த்துப் பயனில்லை. நெற்றியையும் தாடியையும் பாருங்கள்.

நிக்கோலாசுக்கு அகன்ற வட்ட நெற்றி, குட்டையான உருண்டைத் தாடி. பொன்வாய் யோவானுக்கு நெற்றி இன்னும் ஏறியிருக்கும், கன்னம் ஒட்டியிருக்கும், தாடி சிறுத்துக் கூராக முடியும். பசிலியாருக்கு நீண்டு இறங்கும் கூர்த்தாடி. கிரகோரியாருக்கு அகன்று, அடியில் நேராக வெட்டியதுபோன்ற தாடி. தேய்ந்த முத்திரையில் கண்ணும் மூக்கும் முதலில் போகும், அவைதான் மேடான பகுதிகள். தாடியின் கீழ் விளிம்பு கழுத்துப் பள்ளத்தை ஒட்டி இருப்பதால் கடைசிவரை நிற்கும். ஆகவே கீழிருந்து மேலே படியுங்கள்.

படைப்புனிதர்களில் தெமெத்ரியுவும் ஜார்ஜும் தாடியில்லாத இளைஞர்கள். ஜார்ஜுக்குச் சுருள்முடி தலையைச் சுற்றி முத்து முத்தாக வரும், தெமெத்ரியுவுக்கு முடி குறுகி அடங்கியிருக்கும். தெயோதோர் இருவர். தீரோனுக்குத் தாடி ஒரே கூர், ஸ்திராத்திலாத்திசுக்கு இரண்டாகப் பிரியும்.

அப்போஸ்தலர்களில் அந்திரேயாவைக் கலைந்த முடியால் அறியலாம். பேதுருவுக்குக் குட்டைச் சுருள்முடி. பவுலுக்கு வழுக்கையும் நீண்ட தாடியும்.

வரிவடிவம்

இதோடு பெயர் எழுதும் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஓ ஆகியோஸ்" (புனிதர்) என்ற முன்னொட்டை முழுதாக எழுதமாட்டார்கள். ஒரு வட்டத்துக்குள் ஆல்ஃபா எழுத்து, அவ்வளவே. இடப்பக்கத் தூணில் மேலே அது இருக்கும், அதன் கீழே பெயர் தொடங்கும், மீதி வலப்பக்கத் தூணில். மரியா என்றால் "இறைவனின் தாய்" என்பதன் சுருக்கம்: இடப்பக்கம் மி, ரோ. வலப்பக்கம் தீட்டா, இப்சிலான். மேலே சுருக்கக் கோடு. இந்த நான்கில் ஒன்றிரண்டு தெரிந்தாலே உதவும்.

கால்படி

எந்த நூற்றாண்டு என்று தெரியாமல் படத்தைப் பேசுவது அரைகுறை. கால வரிசையைச் சுருக்கமாகப் போடுகிறேன்.

6, 7-ஆம் நூற்றாண்டுகளில் ஆயரின் பெயரே கூட்டெழுத்தாக (ஒன்றோடொன்று பின்னிய எழுத்துகளாக) இருக்கும், முதலில் சதுரக் கூட்டு, பிறகு சிலுவைக் கூட்டு. 8-ஆம் நூற்றாண்டில் முன்பக்கத்தை வேண்டுதல் கூட்டெழுத்து பிடித்துக்கொள்கிறது: "கீரியே வொயிதி", ஆண்டவரே உதவும், அல்லது "தெயோதோகே வொயிதி", இறைவனின் தாயே உதவும். சிலுவையின் நான்கு மூலைகளிலும் "உமது ஊழியனுக்கு" என்ற சொற்கள் துண்டு துண்டாக உட்காரும். 730 முதல் 787 வரையும், மறுபடி 815 முதல் 843 வரையும் திருவுருவங்களுக்குத் தடை. அந்தக் காலத்து ஆயர் முத்திரையில் உருவம் இல்லாதது இயல்பு. ஆனால் உருவம் இல்லை என்பதால் மட்டும் அவர் உருவ எதிர்ப்பாளர் ஆகிவிடமாட்டார். இந்தக் கூட்டெழுத்து தடைக்கு முன்பும் இருந்தது, பின்பும் தொடர்ந்தது.

843-இல் தடை நீங்கியது. அதே ஆண்டு கொன்ஸ்தாந்திநோபிளின் பிதாப்பிதாவான (தலைமை ஆயரான) மெதோதியு தன் முத்திரையில் குழந்தையை ஏந்திய மரியாவைப் பொறித்தார். அவர் உருவ வணக்கத்துக்காகச் சிறையிருந்தவர் என்பதை நினைத்துக்கொண்டு அந்தச் சிறு வட்டத்தைப் பார்த்தால் அதன் கனம் தெரியும். அதன்பின் தலைநகரப் பிதாப்பிதாக்களுக்கு மரியாவே வழக்கமானார். மற்ற ஆயர்கள் அவ்வளவு வேகமாக மாறவில்லை. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் படிமேல் நின்ற சிலுவை நிறைய வருகிறது. புனிதர்கள் 10-இல் கூடி, 11-ஆம் நூற்றாண்டில் நிரம்புகிறார்கள். அரையுருவம் முதலில், முழு உருவில் நிற்பவர்கள் 12-ஆம் நூற்றாண்டை நோக்கி அதிகம். பின்பக்கத்தில் பன்னிரண்டு அசைச் செய்யுள் வரிகள் வருவதும் 11-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் பெருகுகிறது.

எழுத்துருவும் உதவும். பீட்டா எழுத்தின் அடி திறந்து, ரோமன் எழுத்தான ஆர் போலத் தெரிந்தால் 10, 11-ஆம் நூற்றாண்டு. ஓரத்தில் இலைமாலை இருந்தால் பழையது, புள்ளி வரிசை இருந்தால் பிந்தையது என்பது பொது வழி.

ஏட்டுச்சுருள்

காலத்தைக் கணிக்கப் பதவிப்பெயரும் ஒரு கருவி. ஆனால் கவனம் தேவை. "புரோயெத்ரோஸ்" (தலைவர்) என்று பார்த்தவுடன் அரசவைப் பட்டம் என்று எழுதிவிடாதீர்கள். 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் பேராயர்கள் தங்களை "எபேசின் புரோயெத்ரோஸ்" என்ற பாணியில் அழைத்துக்கொண்டார்கள். பின்னால் ஊர்ப்பெயர் வேற்றுமை உருபோடு நின்றால் ஆயர். வேறு அரசுப் பதவி தொடர்ந்தால் அதிகாரி. "உலகளாவிய பிதாப்பிதா" என்ற பட்டமும் அப்படித்தான். கொன்ஸ்தாந்திநோபிள் முத்திரைகளில் அது 1043 முதல் 1058 வரை பதவியில் இருந்த மிக்கேல் கெருலாரியோஸ் காலத்தில்தான் நிலைபெறுகிறது. அதற்கு முன் "புதிய உரோமையாகிய கொன்ஸ்தாந்திநோபிளின் பேராயர்" என்ற வடிவம்தான்.

ஆயர் நகரங்களின் தரவரிசைப் பட்டியல்களும் கையில் இருக்கட்டும். பத்ராஸ் நல்ல உதாரணம். அது கொரிந்துக்குக் கீழே இருந்த ஊர். சிலாவியர் முற்றுகையை அந்திரேயாவின் உதவியால் முறியடித்ததாக நம்பப்பட்டதை ஒட்டி, 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைமை மறைமாவட்டமாக உயர்த்தப்பட்டது. "பத்ராஸ் பேராயர்" என்று எழுதியிருந்தால் அந்த முத்திரை 8-ஆம் நூற்றாண்டாக இருக்க வழியில்லை.

வரிவடிவம்

இப்போது நீங்களே படத்துக்கு வந்துவிட்டீர்கள். பத்ராசின் பதவி உயர்வே அந்திரேயாவின் பெயரால் கிடைத்தது. அந்த ஊர்ப் பேராயர் அந்திரேயாவைப் பொறிப்பது தனிப் பக்தி என்று நான் நம்பமாட்டேன். "எங்கள் உரிமை இவர் தந்தது" என்ற உரிமைக்குரலும் அதில் இருக்கிறது. அந்தியோக்கியாவின் பிதாப்பிதாக்கள் பேதுருவைப் பொறித்ததும் அப்படியே, தங்கள் இருக்கையை (ஆயர் பீடத்தை) நிறுவியவர் அவர் என்ற உரிமை. மரியாவோடு சேர்த்துப் பேதுருவைப் போட்டவர்களும் உண்டு. தலைநகரோடு உள்ள உறவும் தன் இருக்கையின் பெருமையும் ஒரே ஈயத்தில்.

ஏட்டுச்சுருள்

அப்போஸ்தலர் நிறுவிய இருக்கைகளுக்கு அதை ஏற்கிறேன். அங்கே ஊர்ப் புனிதர் பதவியின் ஒரு பகுதி. சின்ன ஊர் ஆயர்களிடம் அதே அளவு எதிர்பார்க்க முடியாது. அவர்களிடம் பெயர்ப் புனிதரும் மரியாவும்தான் மிகுதி. பெரிய இருக்கைகளுக்குப் படத்தின் எடையைக் கூட்டுவோம், சின்ன இருக்கைகளுக்குக் குறைப்போம். இதில் இருவரும் ஒத்துப்போகலாம் என்று நினைக்கிறேன்.

வரிவடிவம்

ஒத்துப்போகலாம்.

உலைக்களம்

ஊர்ப் புனிதரைக் காட்டி விலையை ஏற்றி விற்கும் போலிகள் சுற்றுவதால் இதையும் எழுதுகிறேன்.

பெரும்பாலான போலிகள் அசல் முத்திரையிலிருந்து அச்செடுத்து வார்த்தவை. பத்து மடங்கு லென்ஸை வைத்து முதலில் துளையின் வாயைப் பாருங்கள். அசலில் அடி விழுந்து வாய் நசுங்கி, கண் பாதி மூடியதுபோல் நீள்வட்டமாக இருக்கும், உதடுகள் உள்நோக்கி மடிந்திருக்கும், உள்ளே மண்ணோ நூலின் இழையோ ஒட்டியிருக்கலாம். போலியில் துளை இருக்காது, வெறும் குழி இருக்கும். இருந்தாலும் துளைப்பான் போட்ட சுத்தமான வட்டமாக இருக்கும். அடுத்து விளிம்பு. வார்த்ததில் சுற்றிலும் இணைப்புக் கோடு ஓடும், அல்லது அதை அரத்தால் தேய்த்த கீறல் தெரியும். எழுத்துகளுக்கு இடையே குமிழிக் குழிகள் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எடையையும் சரிபாருங்கள். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம். 25 மில்லிமீட்டர் விட்டம், சராசரி 3 மில்லிமீட்டர் தடிமன் என்றால் கன அளவு ஏறக்குறைய 1.5 கன சென்டிமீட்டர், எடை 16, 17 கிராம் வர வேண்டும். துளைக்கும் பள்ளங்களுக்கும் ஒன்றிரண்டு கிராம் கழித்துக்கொள்ளலாம். அதே அளவில் 11 கிராம்தான் நிற்கிறது, மேற்பரப்பும் நன்றாக இருக்கிறது என்றால் அது வெள்ளீயக் கலவை. வெண்மாவாக அரித்துப்போனது எடை குறைவாகத்தான் இருக்கும், அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது.

கண்டெடுத்த இடம், ஏற்றுமதிக் காகிதம் இல்லாமல் இணையத்தில் வரும் முத்திரைகளை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பல்கேரியாவின் பிரெஸ்லாவில் கிடைத்தவை அந்த நகரத்துக்கு யார் யார் எழுதினார்கள் என்று சொல்கின்றன. கடிதங்கள் அழிந்துவிட்டன, முத்திரை விழுந்த இடம் மட்டுமே மிச்சம். இடம் தெரியாத முத்திரையில் அந்தச் செய்தி போய்விடுகிறது, திரும்பக் கிடைக்காது.

தோள்துகில்

வெண்மாவு பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். எழுத்து தெரிய வேண்டும் என்று எலுமிச்சைச் சாறு, காடி போட்டுத் துடைக்கும் காணொளிகள் வருகின்றனவே?

உலைக்களம்

வேண்டாம். காடியில் உள்ள அசிட்டிக் அமிலம்தான் ஈயத்துக்கு முதல் எதிரி. அந்த வெண்மாவு ஈயக் கார்பனேட்டு. அமிலத்தின் ஆவி பட்டாலே அது உருவாகத் தொடங்கும். அதனால் ஓக் மர இழுப்பறை, சாதாரண அட்டைப் பெட்டி, வெள்ளைப் பசை ஒட்டிய தட்டு எதிலும் ஈயத்தை வைக்கக் கூடாது. பாலிஎதிலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் பெட்டி, அதே வகை நுரை மெத்தை, ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே. இது போதும்.

தூரிகை, பல்குத்தி, எஃகு ஊசி எதுவும் படக் கூடாது. ஈயம் நகத்தால் கீறினாலே கோடு விழும் உலோகம். வெண்மாவுக்குள் எழுத்து உயிரோடு இருக்கும், மாவைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து வரும். மாவை மறுபடி உலோகமாக்கும் மின்வேதி முறை இருக்கிறது, அதைப் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். கையுறை போடுங்கள். அந்த மாவு நஞ்சு, ஊதிப் பறக்கவிடாதீர்கள்.

கால்படி

சுத்தம் செய்வதில் பாதித் தேவையை வெளிச்சமே தீர்த்துவிடும். முத்திரையைச் சாம்பல் நிறத் தாளில் வைத்து, ஒரே ஒரு விளக்கை மேல் இடப்பக்கத்திலிருந்து தரைக்கு 15, 20 பாகைச் சரிவில் போடுங்கள். விளக்கை நான்கு பக்கமும் நகர்த்தி நான்கு படம் எடுங்கள், கேமரா அசையக் கூடாது. செங்குத்துக் கோடுள்ள எழுத்துகள் பக்க ஒளியில் எழும், கிடைக்கோடுகள் மேல் ஒளியில்தான் தெரியும். ஒரே படத்தை வைத்துப் படித்தால் ஈட்டாவும் நியூவும் பையும் குழம்புவது இதனால்தான். மாவு தூவுவது, கரி தேய்ப்பது எதுவும் வேண்டாம்.

பதிவிடும்போது அளவுகோல், எடை, தடிமன், துளை எந்தத் திசையில் ஓடுகிறது என்ற நான்கையும் சேருங்கள். துளையைக் கடிகார முகத்தைப் போல் குறிப்பது வழக்கம், 12-இலிருந்து 6-க்கு என்று. பிறகு பின்பக்கத்தை வரி வரியாக எழுதுங்கள். தெரியாத எழுத்துக்குப் புள்ளி, ஊகித்த எழுத்துக்குச் சதுர அடைப்பு. ஊகத்தைத் தெரிந்ததுபோல் எழுதிவிட்டால் அடுத்தவர் அதையே சான்றாக எடுத்துக்கொள்வார்.

தோள்துகில்

நன்றி. இரட்டை அடி விழுந்த முத்திரையில் எந்த வரிசையைப் படிப்பது?

கால்படி

மேலே கிடப்பது இரண்டாவது அடி, அதைப் படியுங்கள். எது மேலே என்பதை ஓரப் புள்ளி வரிசை காட்டும். வெட்டுப்படாமல் முழுதாக ஓடும் வரிசை இரண்டாவதுடையது, அறுபட்டு நிற்பது முதலாவதுடையது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொண்டால், இரண்டாவதில் விழாத எழுத்தை முதலாவதில் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஊர்ப்பெயரின் கடைசி எழுத்துகள் அப்படித்தான் பல தடவை கிடைக்கின்றன.